ஆத்தா காலடியில் வைத்த மாத்திரை டின்

“…அவரக் கேட்டுக்கிட்டா வேண்டுனேன்? வாய் விட்டவ நான். நேந்துக்கிட்டவளும் நான். அப்பறம் கயிறு மட்டும் எதுக்கு அவரு கையில, சொல்லுங்க பூசாரியண்ணே” என்றாள் என் மனைவி.

காப்புக் கட்டிய ஆறாம் நாள் காலை. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். கீழே ரோட்டில் தோட்டத்து லொறி என்ஜினை அணைக்காமல் நின்றது. அணைத்தால் மறுபடி எப்போது கிளம்பும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. நான் ஒரு கொழுந்துச் சாக்கை விரித்து, அதன்மேல் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்ட கைகளும் ஆடின, கட்டப்பட்ட கால்களும் ஆடின. என்னை உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் திருவிழாக் காப்புக் கயிறு மணிக்கட்டில் இருக்கிறவன், பூ மிதித்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆத்தாவின் கோபம், தாண்டாவிட்டால் வலிப்பு. எந்தப் பக்கம் போனாலும் செத்துப்போவேன் என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்திரண்டு வயது. எங்கள் திருவிழாவில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். மாத்திரையை விடுவதற்காகக் கட்டியவன் நான் ஒருவன்தான். அந்தக் கதையை லொறியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு மூன்று வருடம் முன்பு நான் தேயிலைப் பெட்டிகளோடு பதுளை ரயில் ஸ்டேசனுக்குப் போய்வருகிற ஆள். பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவேன். ஒரு மழைநாளில், பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், லொறியின் பின்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு வெளியே போய்விட்டது. கீழே பனி மூடியிருந்ததால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. ஓட்டுநர் முன்னாலிருந்து, “யாரும் அசையாதீங்க, மூச்சக்கூட மெதுவா விடுங்க” என்றார். அப்படியே இருந்தோம். பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு பெட்டிகூட உடையவில்லை. அன்று பின்னேரம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உட்கார்ந்து அதை நான்தான் எல்லோருக்கும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். கொஞ்சம் காரமும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பத்துப் பதினொரு நாள் கழித்து, பீலியடியில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கால் நிற்கிற இடத்தில் தரை இல்லை என்று தோன்றியது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. வாளி வழிந்து கால் நனைந்தது. அந்த நனைவு ரத்தம் என்று நினைத்தேன். பின்னால் நின்றவள், “என்னண்ணே, வாளி நெறஞ்சு எவ்வளவு நேரம், கனவா காணுறீங்க?” என்றாள். அந்தக் குரல் எங்கேயோ மலைக்கு அப்பால் இருந்து வந்தது.

அதன்பிறகு அது நினைத்தபோது வந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது வந்தது. சோற்றைப் பிசையும்போது வந்தது. லொறியில் ஏறவே முடியவில்லை. என்னை ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், கொழுந்து அரைக்கிற மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். என் மனைவி கொழுந்து எடுக்கிறவள். வாய்க்காரி. “நீங்க பயப்படுறதுக்கு நாளுக்கு ஒரு பேரு போட்டுச் சம்பளம் குடுத்தாங்கன்னா, நம்ம தொரை பங்களாவுலயே குடியிருக்கலாம்” என்பாள். சொல்லிவிட்டு என் நெஞ்சில் கையை வைத்து, அடிப்பு அடங்கும்வரை எடுக்கமாட்டாள்.

தோட்டத்துக்கு மருந்து கொடுக்க அப்போதிருந்த டிஸ்பென்சர் வயதானவர், நல்ல மனுசர். குழாயை வைத்துக் கேட்டார். “நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. பயந்துட்டே, அவ்வளவுதான்” என்று சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கடதாசியில் மடித்துக் கொடுத்தார். “பத்து நாளைக்குக் குடி. பொறவு வந்து காட்டு.”

முதல் மாத்திரையை நான் மறக்கமாட்டேன். விழுங்கிவிட்டு வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி போயிருக்கும். தோளில் இருந்த தேயிலைப் பெட்டியை யாரோ பின்னால் வந்து, சத்தமில்லாமல் இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அடுத்த வீட்டில் பிள்ளை அழுதது, அது வெறும் பிள்ளை அழுகையாகக் கேட்டது. எத்தனை நாளாகிவிட்டது அப்படிக் கேட்டு.

பத்து நாள் ஒரு மாதமானது. டிஸ்பென்சர் திட்டிக்கொண்டே கொடுத்தார். பிறகு அவருக்குக் கொஸ்லந்தப் பக்கம் மாற்றலாகிவிட்டது. போகும்போது நான் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டேன். “பதுளையில வாங்கிக்க. ஆனா ரொம்ப நாளைக்கு வேணாம்பா, இது ஒட்டிக்கிற மருந்து” என்றார். துண்டைப் பத்திரமாக மடித்தேன். அவர் சொன்னதைப் பத்திரப்படுத்தவில்லை.

அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்குமேல் ஓட்டினேன். மடிப்பில் கிழிந்தபோது சோற்றுப் பருக்கை தடவி, பின்னால் சிகரெட் பெட்டிக் கடதாசி ஒட்டினேன். மாதம் ஒருமுறை பதுளைக்குப் போவேன். கடைவீதியில் ஒரு மருந்துக்கடை. அங்கே நின்றவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது கடுதாசியா, பலகையா?” என்று கேட்டுவிட்டு எண்ணிக் கொடுப்பார். வேறு ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. பதுளைக்குப் போக பஸ் ஏற வேண்டுமே, அந்த வளைவைத் தாண்ட வேண்டுமே. அதற்கென்று தனியாக ஒன்று போட்டுக்கொள்வேன். மாத்திரை வாங்கப் போவதற்கு ஒரு மாத்திரை. அதில் இருக்கிற வேடிக்கை இப்போதுதான் தெரிகிறது.

தைல டின் ஒன்றில் போட்டு மடியிலேயே வைத்திருந்தேன். படுக்கும்போது காதருகில் ஆட்டிப் பார்ப்பேன். நிறையச் சத்தம் கேட்டால் தூக்கம் வரும். ஒன்றிரண்டு சத்தம்தான் என்றால் நெஞ்சு அடிக்கும். என் மனைவி ஒருநாள் அடுப்படியில் இருந்தே சொன்னாள்: “எனக்குச் சக்களத்தி வந்துட்டா. நான் தொண்டை கிழியக் கூப்புட்டாலும் திரும்புறதில்ல. அவ டின்னுக்குள்ள இருந்து கலகலன்னா மொகம் பூக்குது.”

இரவுக்கு ஒன்று என்றிருந்தது காலைக்கும் ஒன்று ஆனது, பிறகு மத்தியானத்துக்கும். பிறகு ஒன்று போதவில்லை. முன்பெல்லாம் லொறிக்குப் பயந்தேன். இப்போது டின் காலியாவதற்குப் பயந்தேன். கடையில் மருந்துத் தட்டுப்பாடு என்று பாதிதான் கொடுத்த மாதங்களில், நாள் எண்ணி எண்ணியே எனக்கு வியர்த்துப்போகும். ஒருமுறை, விட்டுத்தான் பார்ப்போமே என்று நாலைந்து நாள் விட்டேன். உடம்பு நடுங்கியது, பழைய பயம் இரண்டு மடங்காக வந்து நின்றது. ‘பார்த்தாயா, நோய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மாத்திரைதான் அதை அடக்கி வைத்திருக்கிறது’ என்று முடிவுகட்டி, மறுபடி விழுங்கினேன். அந்த நடுக்கத்தைக் கொடுத்ததே மாத்திரைதான் என்று எனக்கு எப்படித் தெரியும். சொல்வதற்கு ஆளும் இல்லை. ஆள் இருந்தாலும் கேட்கிற நிலைமையில் நானும் இல்லை.

ஒருநாள் ஸ்டோரில், மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. சட்டைக் கை உள்ளே இழுபட்டது. பக்கத்தில் வேலைசெய்தவன், எனக்கு மச்சான் முறை, பட்டியைத் தள்ளிவிட்டு என்னைப் பிடித்து இழுத்தான். கை தப்பியது, சட்டை போனது. அவன் சத்தம் போடவில்லை. கிழிந்த சட்டைத் துணியை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, “நீ தூங்கு மச்சான், வேணாங்கல. ஆனா இந்த மெஷினுக்கு நீயும் ஒண்ணுதான், கொழுந்தும் ஒண்ணுதான்” என்றான்.

அவன் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். ஆனால் என் மனைவியிடம் சொன்னான். அவள் அதைக் கேட்டதும் நேரே கோயிலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து, ஈரத்தலையோடு சொன்னாள்: “இந்தத் திருவிழாவுக்கு நீங்க காப்புக் கட்டி, பூ மிதிக்கிறதா வேண்டிட்டு வந்துட்டேன். டின்ன ஆத்தா காலடியில வச்சிறணும். வச்சா வச்சதுதான். திரும்பிப் பாக்கக் கூடாது.”

“என்னக் கேக்காமலா?”

“கேட்டா என்ன சொல்லுவீங்க?”

நான் மடியில் இருந்த டின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காப்புக் கட்டுகிற நாள் வந்தது. எங்கள் பூசாரி மற்ற நாட்களில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர், அதிகம் பேசாதவர். மஞ்சள் தோய்த்த நூலை என் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். டின்னை வாங்கி, ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மன் பீடத்தில் வைத்தார். வைக்கும்போது அது கலகலத்தது. இரண்டு மாத்திரையை இடுப்பில் ஒளித்துக்கொள்ளலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தேன். ஆத்தாவிடம் வைப்பதில் களவு செய்யப் பயந்து எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட்டேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. “பாத்தீங்களா, எங்க ஆத்தா” என்று என் மனைவி பீலியடியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்றாம் நாள் வாயில் செப்புக்காசைப் போட்டுச் சப்பிய மாதிரி ஒரு ருசி. நாலாம் நாள் சத்தங்கள் வலித்தன. தகரக் கூரையில் காகம் நடந்தால், என் மண்டையில் நடக்கிற மாதிரி இருந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. தோலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. சொறிந்தால் எறும்பு இல்லை. தூக்கம் ஒரு பொட்டும் இல்லை. விளக்கை ஊதி அணைக்கப் போனால் உதடு குவியவில்லை, நடுங்கியது. பயம் என்று இதுவரை நான் சொன்னதெல்லாம் பயமே இல்லை. இது வேறு. இதற்குக் காரணமும் இல்லை, முகமும் இல்லை. அடுத்த நிமிடம் என்னவோ நடக்கப்போகிறது, அது நடப்பதற்குள் நான் என்னவோ செய்தாக வேண்டும், என்னவென்றுதான் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். டின் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

ஐந்தாம் நாள் காலைப் பூசைக்கு முன்னமே கோயிலுக்குப் போனேன். பூசாரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். கதவு திறந்திருந்தது. யாரும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. வைத்தேன். அம்மன் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு, பீடத்தை நோக்கிக் கையை நீட்டினேன். நீட்டிய கை இரண்டாகத் தெரிந்தது. டின் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் தப்பு முழங்கியது. பூசைக்கு வந்தவர்கள் குடங்களோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த ஒலி என் முதுகில் இறங்கியதும் உடம்பு முழுவதும் உதறியது. பல்லும் கையும் காலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பீடத்தில் இடித்துக்கொண்டு அதன் அடியில் விழுந்தேன். எழும்பப் பார்க்கிறேன், உடம்பு கேட்கவில்லை. யாரோ ஒருத்தி, “ஆத்தா எறங்கிட்டா” என்று குலவையிட்டாள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தப்புக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். அடிக்க அடிக்க நான் ஆடினேன்.

அருள் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப்பற்றி எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், அன்று என்மேல் வந்தது அவள் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கும். களவெடுக்கப் போனவனின் காலில் ஊர் விழுந்தது.

எங்கள் லயத்துக்காரி ஒருத்தியின் மகன் மொனராகலைப் பக்கம் கரும்பு வேலைக்குப் போய், ஒரு தகவலும் இல்லாமல் இருந்தான். அவள் என் முன்னால் வந்து கைகூப்பினாள். “தாயே, எம்மவன் உசுரோட இருக்கானா, அத மட்டும் சொல்லு.” நான் வாயைத் திறந்தேன். சொல்ல என்ன இருக்கிறது. அழுகை வந்தது. அடக்க முடியாமல் அழுதேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, “சரி தாயே, சரி” என்று தானும் அழுதுகொண்டு பின்னால் போனாள். அவள் என்ன விளங்கிக்கொண்டாள் என்று நினைக்க நினைக்க எனக்கு உயிர் போனது. (மகன் பிறகு வந்து சேர்ந்தான். வந்த அன்றுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.)

பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து என்னைப் பார்த்தார். பீடத்தைப் பார்த்தார். டின் இடம் மாறி, விளிம்பில் கிடந்தது. அதை நகர்த்திப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, என் நெற்றியில் திருநீறு பூசினார். “போதும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

வீட்டுக்குப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. சனம் கற்பூரத்தோடு வந்து இஸ்தோப்பில் நின்றது. என் மனைவியின் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எல்லோரும் போன பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். வாங்கினேன். கோப்பை கையில் நிற்கவில்லை. பாதி என் மேலும் பாதி பாயிலும் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. என் கையையே பார்த்தாள்.

“ஆத்தா எறங்கி எவ்வளவு நேரமாச்சு. இன்னும் எதுக்கு ஆடுது?”

“அது ஆத்தா இல்ல புள்ள.”

“பின்ன?”

“டின்ன எடுக்கப் போனேன்.”

அவள் கோப்பையை என் கையில் இருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

“ஆத்தாகிட்டக் களவெடுக்கவா போனீங்க?”

“ஆமா.”

“எடுத்தீங்களா?”

“இல்ல. எட்டல.”

“அதுக்கும் துப்பில்ல” என்றாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “நான்தான் ஒங்கள இப்புடி ஆக்கிட்டேனா?” என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். என் பல் அடித்துக்கொண்டதில் அந்த ‘இல்லை’ ஒழுங்காக வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போகாமல், நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள். புதிய டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லயத்துப் பக்கம் டிஸ்பென்சர்கள் லேசில் வரமாட்டார்கள். இவர் குடையை ஊன்றிக்கொண்டு, அட்டைக் கடியைத் தட்டிவிட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், முழங்காலில் தட்டினார். கால் துள்ளியது.

“எத்தினை வரியமா குடிக்கிறீர்?”

“மூணு வருசமுங்க ஐயா.”

“ஒரு நாளைக்கு எத்தினை?”

சொன்னேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கணக்கு அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

“உவ்வளவையும் ஒரே நாளிலையோ விட்டனீர்? ஆர் உமக்கு உந்தப் புத்தி சொன்னது?”

“நாந்தாங்க” என்றாள் அவள்.

அவர் குடையைச் சுவரில் சாத்தினார். அவருக்குக் கோபம் வந்து போனது தெரிந்தது. “பிள்ளை, விடவேணும் எண்டு நினைச்சது சரி. விட்ட விதம்தான் பிழை. இது சட்டெண்டு நிப்பாட்டுற மருந்தில்லை. உடம்பு இதுக்குப் பழகிப்போச்சு. சட்டெண்டு நிப்பாட்டினா நடுக்கம் வரும், நித்திரை போகும், கடைசியில வலிப்பும் வரலாம். ஆள் செத்தும் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, மாசக்கணக்கா எடுத்துத்தான் விடவேணும். விளங்குதோ? என்னட்டை அந்தக் குளிசை இல்லை. இண்டைக்கே பதுளைக்குக் கொண்டுபோங்கோ. லொறிக்கு நான் துரையிட்டைக் கேக்கிறன்.”

“நாளன்னைக்குப் பூ மிதிக்கணுமுங்களே ஐயா.”

“நெருப்புக்கு நடுவில நிக்கேக்க வலிப்பு வந்தால்?” என்றார் அவர்.

அவர் சொன்னபடியேதான் பிறகு நடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்து, எப்படிக் குறைப்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். என் மனைவி சவரப் பிளேடால் மாத்திரையைப் பாதியாக, பிறகு காலாகக் கீறிக் கொடுப்பாள். டின் அவள் இடுப்பில் இருந்தது. ஒரு வருடத்துக்குமேல் பிடித்தது. பயம் முழுவதும் போய்விட்டது என்று இன்றும் சொல்லமாட்டேன். வந்தால் உட்கார்ந்து, அது போகும்வரை இருக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அந்த ஆறாம் நாள் காலையில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. டிஸ்பென்சர் சொன்ன ‘வலிப்பு’ என்ற சொல் மட்டும் காதுக்குள் இருந்தது.

அவளும் மச்சானும் என்னை ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்துக் கோயில்வரை இறக்கினார்கள். லொறிக்கு முன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னவன் நான்தான். சொல்லாமல் எல்லையைத் தாண்டினால், அந்த வளைவில் லொறி இந்தத் தடவை நிற்காது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பின்சக்கரம் வெளியே போகிறது, பனி, கீழே ஒன்றுமில்லை; கண்ணைத் திறந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்பென்சரும் குடையோடு பின்னால் வந்தார்.

பூசாரி எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். உள்ளே போய் டின்னை எடுத்துவந்து டிஸ்பென்சர் கையில் கொடுத்தார். “இது மனுசன் வச்ச பொருளு. மனுசனுக்கு வேணும்னா எடுக்கலாம்” என்றார். டிஸ்பென்சர் அதிலிருந்து ஒன்றை எடுத்து என் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்தார். பிறகு பூசாரி என் மணிக்கட்டைப் பார்த்தார். அவருக்கும் முகம் வெளிறியிருந்தது.

“ஆனா இது அப்புடியில்ல தங்கச்சி. கட்டுன காப்போட எல்லையத் தாண்டி ஒரு ஆளு போனதில்ல. பாதியில அவுத்ததும் இல்ல. இவருக்கு ஒண்ணு ஆனாலும் ஆத்தா கோவம்னுதான் சனம் சொல்லும். தோட்டத்துல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டாலும் இவரத்தான் சொல்லும். அப்பறம் இவரு இங்க எப்புடி இருப்பாரு? எனக்கு ஒண்ணும் தோணல.”

கீழே லொறிக்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்தார். தப்புக்காரரும், குடம் வைத்திருந்த பெண்களும், பூக்குழிக்கு விறகு அடுக்கியவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முந்தினநாள் என் காலில் விழுந்தவர்கள் அவர்கள். நான் சாக்கில் உட்கார்ந்து, கயிற்றை மற்றக் கையால் மூடிக்கொண்டேன். யாராவது அதை அறுத்துவிடுவார்களோ என்றும் பயம், அறுக்கமாட்டார்களோ என்றும் பயம்.

அப்போதுதான் அவள், கொழுந்தெடுக்கிற சாக்குப் படங்கை இடுப்பில் இருந்து அவிழ்க்காமலே பூசாரியின் முன்னால் போய் நின்றாள். வேண்டியது யார், கட்டிக்கொண்டது யார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டா வேண்டினேன் என்றாள். கயிறு எதற்கு அவர் கையில் என்றாள்.

பூசாரியின் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. என் பக்கம் வந்து மண்டியிட்டாள். நான் மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். மஞ்சள் தண்ணீரில் ஊறிக் காய்ந்து இறுகியிருந்த முடிச்சு நகத்துக்கு இளகவில்லை. அம்மனைப் பார்த்து ஒருமுறை தலையைக் குனிந்துவிட்டு, என் மணிக்கட்டைத் தூக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நூலை அறாமல் பிரித்தெடுத்து, எழுந்து போய்ப் பூசாரியின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் இடது கையை அவர் முன் நீட்டினாள்.